கூட்டக் குறிப்பில் இடம்பெறாதவர்களுக்கு

அன்பு நெஞ்சங்களுக்கு வணக்கம்.

நம் சிங்கப்பூர் அமெச்சூர் வானொலிச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் போன சனிக்கிழமை நல்லபடியாக முடிந்தது. தலைவர் அறிக்கை படித்தார். பொருளாளர் கணக்கு வைத்தார், ஏற்றுக்கொண்டோம். புதிய செயற்குழுவைத் தேர்ந்தெடுத்தோம். கடைசியில் நன்றியுரை, இரண்டே வரி: ஆண்டு முழுவதும் உதவிய அனைவருக்கும் நன்றி. கூட்டக் குறிப்பிலும் அப்படியே ஏறிவிட்டது.

அந்த 'அனைவரும்' யார் யார் என்று எனக்குத் தெரியும். பாதிப் பேர் சங்க உறுப்பினர்களே அல்லர். ஆங்கிலத்தில் இருக்கும் கூட்டக் குறிப்பை அவர்கள் பார்க்கப்போவதும் இல்லை. மனசு கேட்கவில்லை. அதனால் இந்த மடலைத் தமிழில், எல்லாரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

அமெச்சூர் வானொலி, அதாவது ஹாம் ரேடியோ, என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேர்வு எழுதி, தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்திடம் உரிமம் வாங்கி, சொந்த வானொலி நிலையம் வைத்து மற்ற ஹாம்களுடன் பேசுவது. காசு வாங்கக் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது. ஒவ்வொரு ஹாமுக்கும் அழைப்புக்குறி என்று ஓர் அடையாளப் பெயர் உண்டு; சிங்கப்பூர்க்காரருடையது பெரும்பாலும் 9வி1 என்று தொடங்கும். தமிழ்நாட்டு நண்பர்களுக்கு வியூ2 அல்லது வியூ3, இலங்கைக்கு 4எஸ்7, தீபகற்ப மலேசியாவுக்கு 9எம்2. 1925 ஏப்ரல் 18ஆம் தேதி பாரிசில் அனைத்துலக அமெச்சூர் வானொலி ஒன்றியம் பிறந்தது. ஒரு நாட்டுக்கு ஒரு சங்கம்தான் அதில் உறுப்பினராகலாம். அப்படியொரு சங்கத்தைச் சில பேர் வேலை முடிந்து வந்த பிறகு, ராத்திரியில் உட்கார்ந்து நடத்துகிறார்கள் என்பதை வெளியில் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

அதில் என் பொறுப்பு அட்டை. இரண்டு ஹாம்கள் பேசி முடித்தால், பேசியதற்குச் சாட்சியாக ஒருவருக்கொருவர் ஓர் அட்டை அனுப்புவது பழைய வழக்கம். கியூஎஸ்எல் அட்டை என்பார்கள். 9 சென்டிமீட்டருக்கு 14 சென்டிமீட்டர், தேதி, நேரம், அலைவரிசை, குரல் எவ்வளவு தெளிவாக வந்தது என்ற குறிப்பு, அவ்வளவுதான். தனித்தனியாகத் தபாலில் போட்டால் கட்டுப்படியாகாது என்பதால் ஒவ்வொரு நாட்டுச் சங்கமும் கட்டுக்கட்டாகச் சேர்த்து அனுப்பும். இங்கே வந்து சேர்பவற்றை அழைப்புக்குறிவாரியாகப் பிரித்து உரியவரிடம் சேர்ப்பது என் வேலை.

பேசியதை இணையத்திலேயே உறுதிசெய்துகொள்ளும் பதிவேடு வந்த பிறகு அட்டை எதற்கு என்று கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் 2024 மே மாதம் அமெரிக்க ஹாம் சங்கத்தின் கணினிகள் மீது இணையத் தாக்குதல் நடந்து, உலகமே நம்பியிருந்த அந்த மின்பதிவேடு வாரக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. அப்போது அட்டைப் பெட்டிகள் என் படுக்கையறையில் பத்திரமாக இருந்தன. இரண்டும் வேண்டும் என்பதே என் கருத்து.

அண்மையில் அட்டைகள் குவிந்ததற்குச் சூரியனும் ஒரு காரணம். அதில் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகும். பெருகினால் மேலே உள்ள அயனி மண்டலம் வலுத்து, உயர் அலைவரிசைகள் வெகுதூரம் போகும். இப்போதைய சுழற்சி உச்சத்தை எட்டிவிட்டதாக 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். அந்த உச்சத்தில் பேசித் தீர்த்தவர்களின் அட்டைகள் இப்போதுதான் வந்துகொண்டிருக்கின்றன, ஏனென்றால் கட்டு கட்டி வருவதற்கு ஓராண்டு, ஈராண்டு பிடிக்கும். ஜப்பானிலிருந்து மட்டும் காலணிப் பெட்டி அளவில் கட்டுகள் வந்தன. சரியாக அந்த நேரத்தில் எனக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. மூன்று மாதம் மாடிப்படி ஏறக் கூடாது, வெகுநேரம் உட்காரக் கூடாது.

இங்கேதான் நன்றி தொடங்குகிறது.

என் அக்கா மகளும் அவளுடைய பாலிடெக்னிக் தோழர்கள் இருவரும், மூவருமே உரிமத் தேர்வுக்குப் படிப்பவர்கள், ஞாயிறுதோறும் அங் மோ கியோவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். நான் கட்டிலில் கால் நீட்டிக்கொண்டு அழைப்புக்குறியை வாசிப்பேன், அவர்கள் தரையில் அடுக்குவார்கள். இரண்டாம் வாரமே என்னை வாசிக்க விடவில்லை. "மாமா, நீங்க பாடம் சொல்லிக்குடுங்க, அட்டையை நாங்க பாத்துக்குறோம்" என்றாள். அலைநீளமும் ஒத்ததிர்வும் நான் சொல்லிக்கொடுத்தேன். மொத்தக் கட்டையும் அவர்கள் தீர்த்தார்கள். ஒரு அட்டைகூட மாறிப் போகவில்லை. அட்டைகளை அடுக்கிய பெட்டிகள் எல்லாம் லிட்டில் இந்தியாவில், தேக்காவில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணன் தந்தவை. பிஸ்கட் வந்த பெட்டியைப் பிரித்து, சரியான அளவுக்கு வெட்டி, ஓரத்துக்கு டேப் ஒட்டிக் கொடுத்தனுப்பினார். ஒரு காசு வாங்கவில்லை. அண்ணே, அந்தப் பெட்டிகள் இன்னும் உறுதியாக நிற்கின்றன.

எதிர்வீட்டு மக்சிக்குக்கு (மலாயில் அத்தை, சின்னம்மா என்பது போல) நான் எப்படி நன்றி சொல்வேன் என்று தெரியவில்லை. இந்தப் பகுதியை அவருக்கு மலாயில் வாசித்துக் காட்டுவேன்.

14 மெகாஹெர்ட்ஸுக்கு ஒழுங்கான கம்பி ஆண்டெனா கட்ட ஏறத்தாழ 10 மீட்டர் நீளம் வேண்டும். வீவக அடுக்குமாடி வீட்டில் அதற்கு எங்கே போவது? வெளியே எதையும் தொங்கவிடக் கூடாது, விடவும் மாட்டேன், கீழே ஆள் நடக்கும் இடம். ஒரு மீட்டர் அகலமுள்ள வளைய ஆண்டெனாவை வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். ஒருநாள் சாயங்காலம் மக்சிக் கதவைத் தட்டினார். நான் பேசும்போதெல்லாம் அவர் வீட்டு ஒலிபெருக்கி உறுமுகிறது, மக்ரிப் தொழுகை நேரத்தில் குர்ஆன் ஓதுவது சரியாகக் கேட்கவில்லை என்றார். நகர மன்றத்துக்கு ஒரு புகார் போட்டிருந்தாலே போதும், எனக்குத் தலைவலியாகியிருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. நேரே வந்து சொன்னார். ஒலிபெருக்கிக் கம்பியில் வானொலி அலையைத் தடுக்கும் இரண்டு ஃபெரைட் வளையம் மாட்டினேன், உறுமல் நின்றது. ஆனாலும் அந்த அரைமணி நேரம் நான் பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஐரோப்பா நன்றாகக் கேட்கத் தொடங்குகிற நேரம் அது. பரவாயில்லை.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பெரிது. என் பக்கத்திலும் ஒரு தொல்லை இருந்தது: எந்நேரமும் ஒரு இரைச்சல், பலவீனமான குரல்களை எல்லாம் மூடிவிடும். பிள்ளைகள் மூவரும் கையடக்க வானொலியை எடுத்துக்கொண்டு தாழ்வாரம் முழுக்க நடந்து தேடினார்கள். மக்சிக்கின் மீன்தொட்டி விளக்குக்கு வைத்திருந்த மலிவான அடாப்டரில் போய் நின்றது. சொல்லத் தயங்கிக்கொண்டே சொன்னேன். மறுநாளே மாற்றிவிட்டார். அந்த வாரம் என் வானொலியில் அத்தனை நிசப்தம். சங்கத்தில் இதையே ஒரு செயல்முறை விளக்கமாகப் பிள்ளைகள் செய்துகாட்டினார்கள். அடுக்குமாடியில் வாழும் ஹாம்களுக்கு இந்த ஆண்டு அதைவிடப் பயனுள்ள பாடம் கிடைக்கவில்லை என்பேன். மக்சிக், தெரிமா காசே பான்யாக்.

அனுமதி வாங்கி ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் நடத்திய வெளிப்புற நாளில் உதவியவர் ஒரு தூண்டில்காரர். செங்குத்து ஆண்டெனாவைக் கடலோரத்தில் நிறுத்தினால் உப்புநீரே நல்ல தரைப்பரப்பாக வேலை செய்து, அலையைத் தாழ்வான கோணத்தில் தூரத்துக்கு அனுப்பும். கம்பியைத் தூக்கி நிறுத்த எங்களிடம் இருந்த கம்பம் முறிந்துவிட்டது. பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு மாமா தன் நீட்டுக் கம்பை நீட்டினார். அது கார்பன், மின்சாரம் கடத்தும், ஆகாது. விளக்கிச் சொன்னதும் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பிடோக்கிலுள்ள தன் வீட்டுக்குப் போய்க் கண்ணாடியிழைக் கம்பு ஒன்றை எடுத்து வந்தார். அன்று ஆஸ்திரேலியாவும் தென்னிந்தியாவும் பேசின. மாமா பெயரைக் கேட்க மறந்துவிட்டோம். இதைப் படிக்கிறீர்களோ இல்லையோ, உங்கள் கம்பு சங்கத்தில் பத்திரமாக இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து என்னோடு 7 மெகாஹெர்ட்ஸில் பேசும் நண்பருக்கும் நன்றி. ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் தொலைவு, இரண்டரை மணி நேர வித்தியாசம். கால் வலியில் தூக்கம் வராத ராத்திரிகளில் அவர் முழித்திருந்து பேசினார். 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது, வானொலிப் பயணமாகப் போர்ட் பிளேருக்குப் போயிருந்த பாரதி பிரசாத் அவர்களின் குழு, தொலைபேசி எல்லாம் செத்துப்போன அந்தமானிலிருந்து செய்திகளைக் கொண்டுசேர்த்தது. அதைப் படித்த பிறகுதான் நான் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தேன். புத்தகத்தில் புரியாததை எல்லாம் எனக்குப் புரியவைத்தவர் இந்தச் சென்னை நண்பர்.

இந்த ஆண்டு எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் காலமானார். ஹாம்கள் இறந்தவரைச் சைலன்ட் கீ என்பார்கள், தந்திக் குறி அடிக்கும் மோர்ஸ் விசை ஓய்ந்துவிட்டது என்று பொருள். அவருடைய மகளும் மருமகனும் வீட்டைக் காலி செய்யும்போது, எதையும் குப்பையில் போடாமல் எங்களை அழைத்தார்கள். பெட்டிக்குள் விஎஸ்1 என்று தொடங்கும் காலனிக்கால அட்டைகள், மலேசியாவோடு இருந்த ஆண்டுகளின் 9எம்4 அட்டைகள், பிறகு 9வி1. இந்தத் தீவு கடந்துவந்த பாதை மூன்று அழைப்புக்குறித் தொடக்கங்களில். அந்தக் குடும்பம் அன்று காட்டிய பொறுமைக்குச் சங்கம் கடன்பட்டிருக்கிறது.

சமூக மன்றத்தில் அறை திறந்துவிட்டு, கூட்டம் நீண்டபோதும் முகம் சுளிக்காத ஊழியர்களுக்கும், கடைசி நாள்வரை ரசீதுகளைத் துரத்திய பொருளாளருக்கும் நன்றி.

இன்னும் ஒருவர். கூட்டம் தொடங்க வேண்டிய நேரத்தில், கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கைக்கு ஓர் ஆள் குறைந்தது. ஒத்திவைத்திருந்தால் எல்லாம் தள்ளிப்போயிருக்கும். ஈசூனில் இருக்கும் பெரியவர் ஒருவருக்குப் போன் போட்டோம். சக்கர நாற்காலியில், மழையில், எம்ஆர்டி ரயில் பிடித்து வந்து சேர்ந்தார். அவரைத் தள்ளிக்கொண்டு வந்தவர் அவர் வீட்டுப் பணிப்பெண். தன் குடையைப் பெரியவருக்குப் பிடித்துவிட்டு அவர் முழுக்க நனைந்திருந்தார். கூட்டக் குறிப்பில் வருகையாளர் பட்டியலில் பெரியவரின் அழைப்புக்குறி இருக்கிறது. அம்மா, அந்தக் கூட்டம் நடந்தது உங்களால். உங்களுக்கு என் முதல் நன்றி.

சங்கத்தின் நிலை என்ன என்று கேட்டால் நான் ஒளிக்க மாட்டேன். கூட்டத்தில் நரைத்த தலைகள்தான் அதிகம். ஆண்டெனா வைக்க இடமில்லாததால் உரிமம் வாங்கியும் பேசாமல் இருக்கும் இளையர்கள் இருக்கிறார்கள். எல்லாரும் வந்து பேச ஒரு பொது நிலையம் வேண்டும் என்று கூட்டத்தில் கேட்டேன், இங்கேயும் கேட்கிறேன். அதே நேரம், அக்டோபரில் சாரணர்களின் வானொலி ஜம்போரியில் ஒரு சிறுமி முதல்முறை ஒலிவாங்கியைப் பிடித்து, நடுங்கிய குரலில் தன் பெயரைச் சொல்லிவிட்டு, பதில் வந்ததும் துள்ளியதை நான் பார்த்தேன்.

அடுத்த கட்டு வந்துவிட்டது. ஞாயிறு மாலை 4 மணிக்கு வழக்கம்போல என் வீட்டில் பிரிக்கிறோம். முழங்கால் இப்போது தேவலை, இந்த முறை நானும் தரையில் உட்காருவேன். வர விரும்புபவர்கள் வாருங்கள், உரிமம் தேவையில்லை. வடையும் தேநீரும் என் மனைவி பொறுப்பு. மூன்று மாதம் படுக்கையறையில் பெட்டிகளுக்கு நடுவே தூங்கியவர் அவர்.

ஹாம்கள் விடைபெறும்போது சொல்லும் அன்பு வாழ்த்தை உங்கள் எல்லாருக்கும் சொல்கிறேன்: 73.

அட்டைப் பொறுப்பாளர்,
அங் மோ கியோ, சிங்கப்பூர்