சாம்பலாகாத சுருள்: மார்மன் கட்டுரைக்குச் சில திருத்தங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் மார்மன் மார்க்கம் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தோம். இந்தப் பொருளில் தமிழில் இவ்வளவு விரிவாக எழுதுவோர் குறைவு. அதனாலேயே அதிலுள்ள மூன்று பிழைகளைக் கண்டும் காணாமல் விட மனம் வரவில்லை. அவற்றில் இரண்டு மார்மன் சபைக்குச் சாதகமானவை, ஒன்று பாதகமானது. மூன்றிலும் கட்டுரையாளர் மூலப் பொருளைத் தேடிப் பார்க்காமல், அதைப் பற்றி யாரோ சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

முதல் பிழைதான் பெரியது. மார்மன்களின் வேதத் தொகுப்பில் ‘ஆபிரகாம்’ என்றொரு நூல் உண்டு. எகிப்திலிருந்து வந்த பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள்களிலிருந்து அதை மொழிபெயர்த்ததாக, இம்மார்க்கத்தை நிறுவிய ஜோசப் ஸ்மித் அறிவித்தார். அந்தச் சுருள்கள் 1871 சிக்காகோ பெருந்தீயில் எரிந்துபோயின, எனவே மொழிபெயர்ப்பு சரியா தவறா என்று இனி யாராலும் சொல்ல முடியாது என்கிறது கட்டுரை. 1967 வரை இப்படி எழுதியிருந்தால் குறை சொல்ல முடியாது. இன்று அது தவறு.

நடந்தது இது. அந்தோனியோ லெபோலோ என்ற இத்தாலியர் எகிப்தின் தீப்ஸ் பகுதியில் தோண்டி எடுத்த மம்மிகளில் நான்கை, மைக்கேல் சாண்ட்லர் என்பவர் 1835 ஜூலையில் ஒஹையோ மாநிலத்தின் கர்ட்லாண்ட் ஊருக்குக் கொண்டுவந்தார். மம்மிகளையும் அவற்றோடு வந்த சுருள்களையும் ஸ்மித்தும் கூட்டாளிகளும் 2,400 டாலருக்கு வாங்கினார்கள். மொழிபெயர்ப்பு 1842-ல் நாவூ நகரில் சபையின் இதழில் மூன்று படங்களோடு வெளியானது. 1851-ல் லிவர்பூலில் அச்சான ‘விலையேறப்பெற்ற முத்து’ தொகுப்பில் சேர்ந்து, 1880-ல் வேதமாக ஏற்கப்பட்டது. (லிவர்பூல் பதிப்பு வந்த இரண்டே ஆண்டில், 1853-ல், ரிச்சர்ட் பாலண்டைன் என்ற மார்மன் ஊழியர் சென்னைக்கு வந்து பிரசங்கம் செய்தார். இந்த மார்க்கத்தைத் தமிழ்நாட்டுக்குப் புதியது என்று கட்டுரை சொன்னதால் இதையும் குறிப்பிடுகிறோம்.)

ஸ்மித் 1844-ல் கொல்லப்பட்ட பின் அவருடைய தாயார் லூசி மம்மிகளைப் பாதுகாத்தார். அவர் 1856 மே மாதம் இறந்ததும், சில நாட்களிலேயே ஸ்மித்தின் மனைவி எம்மா அவற்றை ஏபல் கோம்ஸ் என்பவருக்கு விற்றுவிட்டார். கோம்ஸ் ஒரு பகுதியை செயின்ட் லூயிஸ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். சிக்காகோ போய்த் தீக்கிரையானது அந்தப் பகுதிதான். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டியிருந்த மீதித் துண்டுகள் கைமாறி, 1947-ல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தை அடைந்தன. 1966-ல் அஸீஸ் அத்தியா என்ற பேராசிரியர் அவற்றை அங்கே அடையாளம் கண்டார். 1967 நவம்பர் 27 அன்று 11 துண்டுகளும் சபையிடம் ஒப்படைக்கப்பட்டன.

இவை ஸ்மித்திடம் இருந்த துண்டுகள்தானா என்ற ஐயத்துக்கு இடமே இல்லை. எம்மா எழுதிக் கொடுத்த விற்பனைச் சான்று கூடவே இருந்தது. துண்டுகளை ஒட்டிய தாளின் பின்புறத்தில் கோயில் ஒன்றின் வரைபடமும் கர்ட்லாண்ட் வட்டாரத்தின் நில வரைபடமும் இருக்கின்றன. 1842-ல் அச்சான முதல் படத்தின் மூலமே 1-ஆம் துண்டில் இருக்கிறது.

அந்தத் துண்டைக் கவனித்துப் பாருங்கள். சிங்க வடிவக் கட்டிலில் ஒருவர் படுத்திருக்கிறார். பக்கத்தில் கரிய உடலோடு ஓர் உருவம் நிற்கிறது. கட்டிலின் கீழே நான்கு ஜாடிகளும் அதற்கும் கீழே ஒரு முதலையும் இருக்கின்றன. நிற்கும் உருவத்தின் தலை இருக்கவேண்டிய இடத்தில் பாப்பிரஸ் உதிர்ந்துவிட்டது. அடியிலுள்ள தாளில் யாரோ பென்சிலால் அந்த இடத்தை நிரப்பியிருக்கிறார்கள். 1842 அச்சில் அதே இடத்தில் மனிதத் தலையும் கையில் கத்தியும் வந்தன. ஆபிரகாமைப் பலியிட முயலும் பூசாரி இவர் என்பது ஸ்மித்தின் விளக்கம். எகிப்தியக் கல்லறை ஓவியங்களில் பழகிய எவருக்கும் இது சவத்தைப் பதப்படுத்தும் நரித்தலைத் தெய்வமான அனுபிஸ். படுத்திருப்பவர், இறந்தோர் உலகின் தெய்வமான ஓசிரிஸாகக் கருதப்படும் இறந்தவர். நான்கு ஜாடிகள் ஹோரஸின் நான்கு மகன்கள்; பதப்படுத்திய உள்ளுறுப்புகளைக் காப்பவர்கள்.

எழுத்து இன்னும் தெளிவாகப் பேசுகிறது. 1-ஆம் துண்டோடு 11-ஆம் துண்டு ஒட்டி அமர்கிறது, 10-ஆம் துண்டு அதைத் தொடர்கிறது. மூன்றும் ஹோர் என்ற தீப்ஸ் நகரப் பூசாரியின் சவத்தோடு வைப்பதற்காக எழுதிய ‘சுவாசங்களின் நூல்’. 1968-ல் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் கிளாஸ் பேயர் இதை மொழிபெயர்த்து வெளியிட்டார். மற்ற துண்டுகளில் பெரும்பாலானவை ‘இறந்தோர் நூல்’ வகையைச் சேர்ந்தவை. ஹோரின் சுருள் கி.மு. 2-ஆம் நூற்றாண்டையொட்டியது. ஆபிரகாமின் காலம் என்று மரபு சொல்வது அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தையது. ஆபிரகாமின் பெயரோ அவர் வாழ்வின் நிகழ்ச்சியோ எந்தத் துண்டிலும் இல்லை.

மூன்றாவது படத்தில் ஒத்துப்பார்ப்பது சுலபம். அங்கே ஸ்மித் எழுத்துகளையே சாட்சியாகக் காட்டுகிறார்: இரண்டாவது உருவம் பார்வோன், அவர் பெயர் தலைக்கு மேலே எழுதியிருக்கிறது என்கிறார். அந்த எழுத்தை வாசித்தால் ஐசிஸ் என்ற பெண் தெய்வத்தின் பெயர் வருகிறது. உருவமும் பெண் உருவம். ஐந்தாவது உருவத்தின் கைக்கு மேலே ‘ஷூலேம்’ என்ற அரண்மனைப் பணியாளரின் பெயர் இருக்கிறது என்கிறார். அங்கே இருப்பது ஹோர்.

எரிந்த பகுதியில்தான் ஆபிரகாமின் நூல் இருந்தது என்று சபையின் அறிஞர்கள் சிலர் வாதாடுகிறார்கள். இதையும் அளந்து பார்க்கலாம், பார்த்தும் இருக்கிறார்கள். கட்டுரை தொடாத பகுதி இது. ஆனால் தொல்லியல் முறை என்றால் என்ன என்று வாசகருக்குக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

சுருட்டி வைத்த பாப்பிரஸில் ஓரிடம் உடைந்தால் அல்லது அரிக்கப்பட்டால், அதே சேதம் உள்சுற்றுகளிலும் விழும். விரித்ததும் ஒரே வடிவ ஓட்டை திரும்பத் திரும்ப வரும். ஓர் ஓட்டைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் அந்தச் சுற்றின் சுற்றளவு. உள்ளே போகப் போக அது குறைந்துகொண்டே போகும். ஒரு சுற்றுக்குக் குறையும் நீளம், தாளின் தடிமனைப் போல ஏறக்குறைய 6.28 மடங்கு. கடைசியாகக் கிடைத்த சுற்றின் நீளத்தை அதே நீளத்தாலேயே பெருக்கி, சுற்றுக்குச் சுற்று குறையும் நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால், அதற்கு உள்ளே அதிகபட்சம் எவ்வளவு இருந்திருக்கலாம் என்று தெரியும். நடுவில் வெற்றிடம் இருக்கும் என்பதால் உண்மை நீளம் இதைவிடக் கொஞ்சம் குறைவு.

கணக்கு எங்கே சறுக்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். உதாரணத்துக்கு, கடைசிச் சுற்று 10 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுக்கு 5 மி.மீ. குறைந்தால் மீதி 1 மீட்டர். அரை மி.மீ. மட்டும் குறைந்தால் மீதி 10 மீட்டர்! கிட்டத்தட்ட சமமான இரு நீளங்களின் வித்தியாசத்தை வைத்து வகுக்கிறோம். ஓட்டையின் விளிம்பை எங்கே தொடங்குவது என்பதில் சில மி.மீ. பிசகினாலும் விடை பத்து மடங்கு மாறிவிடும். பிரிகாம் யங் பல்கலைக்கழக எகிப்தியவியலாளர் ஜான் கீ, ஏறக்குறைய 12.5 மீட்டர் காணாமல் போனது என்றார். 2010-ல் ஆண்ட்ரூ குக், கிறிஸ்டோபர் ஸ்மித் இருவரும் துண்டுகளின் படங்களிலிருந்து பல இடங்களில் அளந்து, சுமார் 56 செ.மீ.தான் என்றார்கள். இரண்டில் எது நம்பத்தக்கது என்று சோதிக்கத் தடிமன் உதவும். மேலே சொன்ன உதாரணத்தில் 10 மீட்டர் மீதி வரவேண்டுமானால் தாளின் தடிமன் 0.08 மி.மீ. ஆக இருக்க வேண்டும். அது ஜெராக்ஸ் தாளைவிட மெல்லியது. பாப்பிரஸோ நாணல் தண்டின் கீற்றுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அடுக்கு வைத்து அழுத்திச் செய்வது. சுருட்டும்போது இடையில் காற்றும் புகும். இதனால் சிறிய அளவே சரியென்பது எங்கள் முடிவு.

இன்னொரு சாட்சியும் உண்டு. தீக்கு முன்பே செயின்ட் லூயிஸில் அந்தப் பகுதியைப் பார்த்த எகிப்தியவியலாளர் குஸ்தாவ் சைஃபார்த்தின் கருத்தை 1859 அருங்காட்சியகப் பட்டியல் பதிந்திருக்கிறது: ஓசிரிஸை நோக்கிய வேண்டுதல், இறந்தவரின் பெயராக ‘ஹோரஸ்’ (அதாவது ஹோர்), இறந்தவரை ஓசிரிஸ் முன் அழைத்து வரும் ஒரு படம். அது மேலே சொன்ன மூன்றாவது படத்தோடு பொருந்துகிறது. ஆக, சுருளின் தொடக்கப் படம், இறுதிப் படம் இரண்டுமே ஹோருடையவை. அதற்கு அப்பால் வேறொரு நூல் அதே சுருளில் எழுதப்பட்டிருக்க வழியுண்டு, அப்படிப்பட்ட சுருள்கள் எகிப்தில் உண்டு. ஆனால் ஆபிரகாம் நூலின் முதல் அதிகாரம் 12-ஆம் வசனம், இந்தப் பதிவின் தொடக்கத்திலுள்ள படத்தைப் பார்க்கும்படி சொல்கிறது. அந்த வசனம் நூலை ஹோரின் சுருளோடு கட்டிவிடுகிறது.

சபை இதை மறைக்கவில்லை என்பதையும் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும். 2014-ல் சபை தன் இணையதளத்தில் வெளியிட்ட விளக்கம், துண்டுகளில் உள்ள எழுத்துகள் ஆபிரகாம் நூலோடு பொருந்தவில்லை என்று மார்மன் எகிப்தியவியலாளரும் மற்றவரும் ஒத்துக்கொள்கிறார்கள் என வெளிப்படையாகவே சொல்கிறது. நூல் காணாமல் போன பகுதியில் இருந்திருக்கலாம், அல்லது பாப்பிரஸ் ஸ்மித்துக்கு வெளிப்பாடு வருவதற்கு ஒரு தூண்டுதலாக மட்டும் இருந்திருக்கலாம் என்று இரண்டு வழிகளை அது முன்வைக்கிறது. முதலாவதை அளவுகோல் கொண்டு சோதிக்கலாம். இரண்டாவதை எந்த ஆய்வகமும் சோதிக்க முடியாது. அது விசுவாசத்தின் பாடு. இந்த எல்லையை மதித்து எழுதினால் விசுவாசிகள் மனமும் புண்படாது, வரலாறும் வளையாது. துண்டுகளின் தெளிவான படங்களை ஜோசப் ஸ்மித் பேப்பர்ஸ் தளத்தில் சபையே இலவசமாக வைத்திருக்கிறது.

இரண்டாவது பிழை ஏமன் கல்வெட்டு. மாரிப் அருகே பரான் கோயிலில் ஜெர்மானிய அகழாய்வாளர்கள் கண்டெடுத்த பலிபீடங்கள் மார்மன் புஸ்தகத்தை ‘நிரூபித்துவிட்டன’ என்கிறது கட்டுரை. எருசலேமிலிருந்து ஒரு குடும்பம் அரேபியா வழியே அமெரிக்கா சென்றதாகச் சொல்லும் வேதநூல் அது. கி.மு. 7–6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தப் பீடங்களைக் காணிக்கையாகக் கொடுத்தவர் ‘ந்-ஹ்-ம்’ குலத்தவர் என்று அவற்றில் பொறித்திருக்கிறது. தென்னரேபிய எழுத்தில் உயிரொலிகள் வராது. அந்தப் பயணத்தில் இறந்த இஸ்மவேல் (பைபிளின் இஸ்மவேல் அல்ல) அடக்கம் செய்யப்பட்ட ‘நாகோம்’ என்று அந்நூலின் 1 நேபி 16:34-ல் வரும் இடம் இதுவே என்கிறார்கள் மார்மன் அறிஞர்கள். காலமும் திசையும் ஒத்துவருவது கவனிக்கத்தக்கதே. ஆனால் கல் சொல்வது அப்பெயரில் ஒரு குலம் அப்போது இருந்தது என்பது மட்டுமே. எருசலேமிலிருந்து ஒரு குடும்பம் அந்த வழியே வந்தது என்று அது சொல்லவில்லை. மேலும், 18-ஆம் நூற்றாண்டில் கார்ஸ்டன் நீபூர் வெளியிட்ட ஏமன் வரைபடத்திலேயே அந்த இடப்பெயர் உண்டு. மார்மன் புஸ்தகம் அச்சானது 1830-ல். அமெரிக்கக் கண்டத்திலோ நிலைமை வேறு. அந்நூல் குறிப்பிடும் காலத்தில் அங்கே குதிரையும் உருக்கு வாளும் இருந்ததற்குத் தொல்லியலாளர் ஏற்கும் சான்று இல்லை. பூர்வகுடிகளின் மரபணு பெரும்பாலும் ஆசியாவையே காட்டுகிறது. புஸ்தகத்தின் முன்னுரை அந்நூலின் மக்களை அமெரிக்க இந்தியரின் ‘முதன்மையான மூதாதையர்’ என்று முன்பு சொன்னது. பின்னர் அது ‘மூதாதையருள் அடங்குவர்’ என்று மாறியிருக்கிறது.

மூன்றாவது, ஸ்மித்துக்கு எதிராகக் கட்டுரை காட்டும் ‘வெள்ளைச் சாலமாண்டர்’ கடிதம். ஸ்மித்துக்குத் தோன்றியது தேவதூதர் அல்ல, வெள்ளைச் சாலமாண்டர் (பல்லி போன்ற உயிரி) என்று சொல்வது அது. ஸ்மித்தின் தொடக்ககாலச் சீடர் மார்ட்டின் ஹாரிஸ் 1830-ல் எழுதியதாகச் சொல்லப்பட்ட இக்கடிதம் முழுப் போலி. 1984-ல் 40,000 டாலருக்கு விற்கப்பட்ட இதை எழுதியவர் பழைய ஆவணங்களை விற்றுவந்த மார்க் ஹாஃப்மன். குட்டு உடையாமலிருக்க 1985 அக்டோபரில் வெடிகுண்டு வைத்து இருவரைக் கொன்றார். பழைய காலத்துத் தாளிலேயே எழுதியதால் தாளின் வயதைச் சோதிப்பது பயனளிக்கவில்லை. மையைத்தான் ஆவணத் தடயவியலாளர்களான ஜார்ஜ் த்ராக்மார்ட்டன், வில்லியம் ஃப்ளின் இருவரும் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். மாசிக்காயின் டானினும் இரும்பு உப்பும் வேலம்பிசின் வகைக் கோந்தும் சேர்த்த மை அது. வேகமாகப் பழசாக்க ரசாயனம் பூசியதில் கோந்து சுருங்கி, மையின் மேற்பரப்பு முதலைத் தோல் போல வெடித்திருந்தது. நூற்றுக்கணக்கான ஆவணங்களைச் சோதித்தபோது, ஹாஃப்மன் கைவழி வந்தவற்றில் மட்டுமே இந்த வெடிப்பு. 1987-ல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

சிக்கல் என்னவென்றால், 1984 முதல் 1986 வரை அச்சான புத்தகங்களும் இதழ்களும் இக்கடிதத்தை உண்மையென்று மேற்கோள் காட்டுகின்றன; பழைய நூலகங்களில் அவை இன்னும் இருக்கின்றன. தங்கள் கட்டுரையாளரும் அப்படி ஒன்றைத்தான் எடுத்திருப்பார் என்று தோன்றுகிறது. 1980-க்கும் 1985-க்கும் இடையில் முதன்முதலாக வெளிவந்த எந்த மார்மன் ஆவணமானாலும், அது யார் கையிலிருந்து வந்தது என்று 1987-க்குப் பிந்தைய ஒரு நூலில் பார்த்துவிட்டே பயன்படுத்தும்படி அவரிடம் சொல்ல வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சமய வரலாறு படிக்கும் வாசகர்கள்,
திருச்சி