நம்ம ஊர்ப் பள்ளிக்குக் கணினி வகுப்பறை: இன்னும் ரூ. 1,34,500 வேண்டும்

ஊர்ப் பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், பிழைப்புக்காகத் திருப்பூர், சென்னை, வளைகுடா என்று போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவும் முன்னாள் மாணவர்களும் வணக்கத்தோடு எழுதுவது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் கணினி வகுப்பறை அமைக்க ஆகும் செலவு ரூ. 3,36,000. இதுவரை சேர்ந்தது ரூ. 2,01,500. மீதி ரூ. 1,34,500 மே 25ஆம் தேதிக்குள் கைக்கு வந்தாக வேண்டும். கோவில்பட்டியில் லேப்டாப்களுக்கு ரூ. 25,000 முன்பணம் கட்டியிருக்கிறோம். அந்தத் தேதி வரைக்கும்தான் பேசிய விலைக்கு வைத்திருப்பார்கள். வயரிங் வேலையும் கோடை லீவுக்குள் முடிய வேண்டும். ஜூனில் பிள்ளைகள் வந்து உட்கார்ந்த பிறகு சுவரை உடைக்க முடியாது.

வெளியூரில் பிறந்து வளர்ந்த இளையவர்களுக்கு நம் பள்ளியின் கதை தெரிய வாய்ப்பில்லை. அம்மன் கோயில் மண்டபத்தில், மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகிய திண்ணைப் பள்ளிக்கூடம் அது. முதல் கட்டடம் எழும்பியபோது வீட்டுக்கு ஓர் ஆள் கூலி வாங்காமல் மண் சுமந்தார். கண்மாய்க்கரைப் பனைகளை வெட்டித்தான் கூரைக்குச் சட்டம் போட்டார்கள். அப்படி மண் சுமந்தவர்களின் பேரன் பேத்திகள்தான் இன்று இந்தக் குழுவில் பாதிப் பேர். 1956இல் எட்டயபுரத்தில் காமராஜர் மதிய உணவைத் தொடங்கி வைத்தபோது நம்மவர்கள் வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்த்து வந்ததைப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். அந்த வருஷங்களின் கடைசியில் மாநிலம் முழுக்கப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. அரசாங்கத்தை மட்டும் எதிர்பார்க்காமல் ஊர்க்காரர்களே பெஞ்சு, கரும்பலகை, சீருடை என்று கொண்டுவந்து குவித்தார்கள். நம் ஊரும் சளைக்கவில்லை. பள்ளி வேப்பமரத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டு அப்போது வந்ததுதான். இன்றும் காலையில் அதைத்தான் அடிக்கிறார்கள்.

அப்புறம் ஒரு கெட்ட காலம் வந்தது. விடியும் முன்னே, தீப்பெட்டி ஆபீஸ் என்று நாம் சொல்கிற தொழிற்சாலையின் பஸ் வந்து நிற்கும். தூக்கம் கலையாத பிள்ளைகளை அம்மாமார்களே கையைப் பிடித்து ஏற்றிவிட வேண்டியிருந்தது. வானம் பார்த்த பூமி, மழை இல்லை, வேறு வழியும் இல்லை. அந்தச் சமயத்தில் சாவடியில் கூட்டம் போட்டு, "பத்து வயசுப் பிள்ளை இனி பஸ் ஏறக்கூடாது" என்று கட்டுப்பாடு வைத்தவர்கள் நம் பெரியவர்கள். வருமானம் போகிறதே என்று பக்கத்து ஊர்களெல்லாம் தயங்கி நின்றபோது நம் ஊர் அதைச் செய்தது. அதனால் படித்தவர்கள்தான் இன்று நர்சாகவும் டிரைவராகவும் ஓவர்சியராகவும் வாத்தியாராகவும் இருக்கிறோம். இந்த வேண்டுகோளைப் படிக்கிறவர்களில் பலர் அந்தக் கூட்டத்துக்குக் கடன்பட்டவர்கள்.

சரி, இப்போது எதற்குக் கணினி வகுப்பறை? அரசாங்கம்தான் ஸ்மார்ட் வகுப்பறை தருகிறதே என்று சிலர் கேட்கிறார்கள். உண்மைதான், சுவரில் பெரிய திரை வந்திருக்கிறது. பாடம் நன்றாகப் புரிகிறது என்று பிள்ளைகளே சொல்கிறார்கள். ஆனால் அதை இயக்குவது டீச்சர். பிள்ளை பார்க்கிறது, அவ்வளவுதான். தேடுவது, தட்டச்சு செய்வது, வந்த பதிலைச் சந்தேகப்படுவது, தப்பான இடத்துக்குப் போய்விட்டால் வெளியே வருவது எல்லாம் பிள்ளையின் சொந்தக் கையால் செய்தால்தான் வரும்.

"போனே கொடுக்காதேன்னு சொல்றோம், நீங்க கம்ப்யூட்டர் வாங்கணும்ங்கிறீங்களே" என்று ஒரு பெரியவர் வருத்தப்பட்டார். அவருடைய பயம் நியாயமானது. ஆனால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. அந்த ஒன்றரை வருஷத்தில் போன் பிள்ளைகள் கைக்கு வந்துவிட்டது. அது திரும்பிப் போகவில்லை. தீப்பெட்டி ஆபீசுக்குப் போன அம்மா வீடு திரும்பும் வரை, சாயங்காலம் ஆளில்லாத வீட்டில் எட்டு வயதுப் பிள்ளையும் போனும் மட்டும் இருக்கின்றன. தாமாக வாட்ஸ்அப் வைத்துக்கொள்ளக் குறைந்தது 13 வயதாக வேண்டும் என்று அந்த நிறுவனமே விதி வைத்திருக்கிறது. நம் ஊரில் எத்தனை வீட்டில் அது தெரியும்? 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் விவரங்களைப் பயன்படுத்தப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று 2023இல் சட்டமே வந்திருக்கிறது. ஆனால் ஏதோ ஒரு விளையாட்டில் பெயர், பள்ளி, அப்பா நம்பர் எல்லாம் கேட்டால் நம் பிள்ளை கேட்டதையெல்லாம் போட்டுவிடுகிறது. கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கட்டிய நாமேதான் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிப் பிள்ளைக்கு நீச்சலும் பழக்கினோம். இங்கேயும் அதைத்தான் கேட்கிறோம்.

போன வருஷம் இதைச் சின்ன அளவில் செய்து பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வருகிறோம். ப்ளஸ் டூ மாணவர்களுக்கு 2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்பில் இரண்டு நம் ஊர் வீடுகளில் பரணில் கிடந்தன. அவற்றைத் தூசி தட்டி, தலைமையாசிரியரின் சொந்த லேப்டாப்பையும் சேர்த்து, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 23 பேருக்கு வாரம் இரண்டு வகுப்பு நடந்தது. முதலில் தமிழ் தட்டச்சு. 1999இல் வந்த தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்து இடது கைப்பக்கம், மெய் பெரும்பாலும் வலது கைப்பக்கம். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. புள்ளி தானாக விழுந்துவிடும். அது விழுந்ததைப் பார்த்து ஒரு பெண்பிள்ளை கைதட்டினாள். பிறகு ஊரில் உள்ளவர்கள் பெயரையெல்லாம் அடித்துத் தள்ளிவிட்டார்கள்.

ஒருநாள் டீச்சர் வரைபடத்தைத் திறந்து, மேலிருந்து எடுத்த படத்தில் நம் ஊரைக் காட்டினார். கண்மாய் தெரிந்தது, பள்ளிக்கூரை தெரிந்தது, ஊருணியும் தெரிந்தது. ஆனால் ஊருணிக்குப் பெயரே இல்லை. ஓர் ஓடைக்குத் தப்பான பெயர் இருந்தது. "அப்போ இதையெல்லாம் யாரு டீச்சர் எழுதுறாங்க?" என்று நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். அன்றைய வகுப்பு முழுக்க அந்தக் கேள்வியிலேயே போனது. தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் இருக்கிறது, நம்மைப் போன்ற ஆட்கள்தான் எழுதுகிறார்கள், தப்பிருந்தால் திருத்தலாம், ஒரு தகவல் எங்கிருந்து வந்தது என்று பக்கத்தின் அடியில் பார்க்க வேண்டும் என்று டீச்சர் காட்டினார். தேடினால் முதலில் வருவது சரியான பதிலாகத்தான் இருக்கும் என்றில்லை, அது காசு கொடுத்துப் போட்ட விளம்பரமாகவும் இருக்கலாம் என்று விளம்பரம் என்று குறித்திருக்கும் சின்ன எழுத்தைத் தொட்டுக் காட்டினார். யார் சொன்னது, எப்போது சொன்னது, வேறு யாரும் சொல்கிறார்களா என்ற மூன்று கேள்விகளும் இன்றைக்கும் அந்த வகுப்புக் கரும்பலகையின் ஓரத்தில் அழியாமல் இருக்கின்றன. பட்டப்படிப்பு முடித்த நமக்கே இதை யாரும் சொல்லித் தரவில்லை என்பதை எங்கள் குழுவில் எல்லோரும் ஒப்புக்கொண்டோம்.

பலனும் கிடைத்தது. "உங்களுக்குப் பணம் வந்திருக்கிறது, பின் நம்பர் போடுங்கள்" என்று ஒரு தாய்க்கு அழைப்பு வந்தது. பக்கத்தில் இருந்த ஐந்தாம் வகுப்பு மகள், "பணம் வாங்குறதுக்குப் பின் நம்பர் எதுக்கும்மா?" என்று கேட்டு போனை வாங்கிக் கட் செய்துவிட்டாள். அந்தத் தாய் இந்தக் குழுவில் இருக்கிறார். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிட வேண்டும் என்பதும், திரையில் பயமுறுத்துகிற எதுவும் வந்தால் மூடிவிட்டுப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும், வீட்டில் சொல்ல முடியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது என்பதும் அந்த 23 பிள்ளைகளுக்கும் தெரியும். மற்ற 35 பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும். இரண்டு வகுப்பு ஆசிரியர்கள், மூன்று பழைய லேப்டாப். அதில் ஒன்று பேட்டரி உப்பி நின்றே போய்விட்டது. இப்படியே மேற்கொண்டு ஓட்ட முடியாது.

செலவு இதுதான். செகண்ட் ஹேண்டில் வாங்கிச் சரிசெய்த லேப்டாப் 10, ஒன்று ரூ. 13,500 வீதம் ரூ. 1,35,000. வயரிங், பிளக், எர்த்துக்கு ரூ. 28,000. கரண்ட் போனாலும் வகுப்பு நிற்காமல் இருக்க இன்வெர்ட்டரும் பேட்டரியும் ரூ. 42,000. மேசை பெஞ்சுக்கு ரூ. 30,000. ஜன்னல் கிரில், இரும்புக் கதவு ரூ. 18,000. ஹெட்போன் ரூ. 4,500. ஒரு வருஷ இன்டர்நெட் ரூ. 8,500. நம் ஊரிலேயே கணினி படித்த ஒரு பெண்ணை வாரம் முழுக்க வைத்துக்கொள்ள மாதம் ரூ. 7,000, பத்து மாதத்துக்கு ரூ. 70,000. கடைசிச் செலவைக் குறைக்கலாமே என்று சிலர் சொன்னார்கள். குழு ஒத்துக்கொள்ளவில்லை. சொல்லித் தர ஆள் இல்லாமல் எத்தனையோ இடங்களில் கணினி அறை பூட்டிக் கிடந்து எலி குடியிருந்ததைப் பார்த்திருக்கிறோம். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு இன்டர்நெட்டே கிடையாது. மவுஸ் பிடிப்பது, வரைவது, எழுத்து அடிப்பது மட்டும்தான்.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் முன்னாள் மாணவர்கள் தங்களுக்குள் பேசி ரூ. 75,000 அனுப்பினார்கள். ஓய்வுபெற்ற நம் பெரிய வாத்தியார், பென்ஷனில் இருந்து ரூ. 25,000 எடுத்துக்கொண்டு தாமே பள்ளிக்கு நடந்து வந்தார். உட்காரக்கூட இல்லை, மேசையில் வைத்துவிட்டுப் போனார். வத்தல் விலை இறங்கிய வருஷத்திலும் மிளகாய் போட்ட சம்சாரிகள் ரூ. 22,000 தந்தார்கள். மகளிர் குழுக்கள் ரூ. 21,500. தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் ஒருநாள் கூலியை அப்படியே சேர்த்து ரூ. 18,000 கொடுத்தார்கள், சிறு வயதில் அந்த பஸ்சில் ஏறியவர்கள் அவர்களில் உண்டு. அந்தப் பணத்தை வாங்கும்போது எங்களுக்குக் கை கூசியது. கோயில் கமிட்டி ரூ. 15,000, கபடிப் பையன்கள் ஜெயித்த பரிசில் ரூ. 10,000, டீக்கடை உண்டியல் ரூ. 4,000, பெயர் வேண்டாம் என்றவர்கள் ரூ. 11,000. மேசைக்கு வேண்டிய வேப்பமரத்தை இலவசமாகக் கொடுத்த குடும்பத்துக்கும், பாதிக் கூலிக்கு இழைத்துத் தர ஒப்புக்கொண்ட ஆசாரிக்கும் அம்மன் அருளால் எல்லா நலமும் பெருக வேண்டும்.

மனசில் இருப்பதையும் சொல்லிவிடுகிறோம். பங்குனிப் பொங்கலுக்குத் தலைக்கட்டுக்கு ரூ. 2,000 வரி போட்டோம். சாட்டிய எட்டாம் நாள் ஒரு வீடு பாக்கியில்லாமல் வந்து சேர்ந்தது. ரேடியோ செட், கரகாட்டம், வாணவேடிக்கை ஒன்றுக்கும் குறைவைக்கவில்லை. அம்மனுக்குச் செய்தது வீண்போகாது, அதில் யாருக்கும் வேறு கருத்தில்லை. ஆனால் அதே அம்மன் மண்டபத்தில் முளைத்த பள்ளிக்கு, இரண்டு மாதமாகக் கேட்டும் பாதி வீடுகளில் இருந்து ஒரு ரூபாய் வரவில்லை. பள்ளிக்கு வரி போட எங்களுக்கு விருப்பமில்லை, மனசார வர வேண்டும். நோட்டில் தொகை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு இன்னும் தராதவர்கள் 11 பேர், மொத்தம் ரூ. 41,000. அவர்கள் பெயரைச் சாவடியில் எழுதி வைக்கச் சொன்னார்கள் சிலர். நாங்கள் செய்யவில்லை, செய்யவும் மாட்டோம். அது வந்தாலே பாக்கி ரூ. 93,500 ஆகக் குறைந்துவிடும் என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறோம். தங்கள் பிள்ளையை டவுன் ஸ்கூல் வேனில் அனுப்புகிறவர்களும் இந்தப் பள்ளியில்தான் அ, ஆ எழுதினார்கள். அவர்களுக்கும் இதில் கடமை இருக்கிறது.

பணம் தருகிற முறையைக் கவனமாகப் படியுங்கள். தலைமையாசிரியரும் மேலாண்மைக் குழுத் தலைவியும் சேர்ந்து கையெழுத்திடும் பள்ளிக் கணக்கில் மட்டுமே பணம் சேரும். வேண்டுமென்றேதான் இதில் கணக்கு எண்ணோ க்யூஆர் படமோ போடவில்லை. அது பள்ளி அலுவலக அறையில் ஒட்டியிருக்கிறது. வெளியூர்க்காரர்கள் குழுவில் தங்களுக்கு நேரில் பழக்கமான ஒருவரைக் கூப்பிட்டு, அவர் குரலைக் கேட்டு, கணக்கு விவரத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அனுப்பும் முன் திரையில் பள்ளியின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். இந்த வேண்டுகோளோடு ஏதாவது எண்ணையோ படத்தையோ ஒட்டி யாராவது அனுப்பினால் அது எங்களுடையது இல்லை. ரசீது கையோடு தருவோம். வருமான வரிக் கழிவுக்கான சான்று எங்களால் தர முடியாது.

பழைய லேப்டாப் சும்மா வைத்திருப்பவர்கள் சார்ஜரோடு கொடுத்தாலும் போதும். ஓடுகிற நிலையில் இருந்தால் ரூ. 13,500 கொடுத்ததாகவே கணக்கில் எழுதுவோம். மே 18 ஞாயிறு மாலை 5 மணிக்குப் பள்ளி வேப்பமரத்தடியில் கூட்டம். வரவு செலவு நோட்டு அங்கே இருக்கும், யாரும் எடுத்துப் பார்க்கலாம். அன்று பிள்ளைகளே இரண்டு லேப்டாப்பில் தட்டச்சு செய்து காட்டுவார்கள். தீப்பெட்டி ஆபீஸ் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்காக 7 மணி வரை உட்கார்ந்திருப்போம்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுவும் முன்னாள் மாணவர்களும்