உத்தரவு வந்த அன்றே உதவி நின்றுவிடுகிறது: மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலாளர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு தையல்காரி. 2018இல் எனக்கு விவாகரத்து ஆனது. 'அத்துவிட்ட பிறகு என்ன காசு' என்பார்கள் எங்கள் பக்கத்தில். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மறுமணம் செய்துகொள்ளாத வரை விவாகரத்தான பெண்ணும் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று எனக்குச் சொன்னதே உங்கள் இலவசச் சட்ட உதவி மையத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தன்னார்வலர் அம்மாதான். பெண் என்றால் வருமானச் சான்றிதழ்கூட வேண்டாம், 1987ஆம் வருடச் சட்டத்தின் 12ஆவது பிரிவிலேயே அது இருக்கிறது என்றார். உங்கள் பட்டியலில் இருக்கிற ஒரு இலவச வக்கீலும், அதாவது பேனல் வக்கீல், கிடைத்தார். அந்த நன்றி எனக்கு உண்டு. அதனால்தான் ஊர் பெயர், ஆள் பெயர் எதுவும் போடாமல் எல்லா மாவட்டத்துக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

2019 ஜூனில் மனு போட்டோம். 2021 அக்டோபரில் உத்தரவு வந்தது. எனக்கு மாதம் 6,000 ரூபாய், மகளுக்கு 4,000. மனு போட்ட நாளிலிருந்து கணக்கு. அதாவது, அன்றைய தேதிக்கே 28 மாதப் பாக்கி, 2,80,000 ரூபாய். வக்கீல் கட்டைக் கட்டிக்கொண்டே "ஜெயிச்சிட்டீங்கம்மா" என்றார். நான் அவருக்கு ஒரு டஜன் ஆப்பிள் வாங்கிக் கொடுத்தேன். அத்தோடு அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை முடிந்தது. அவரைக் குறை சொல்லவில்லை. உத்தரவு வாங்கித் தரத்தான் அவரை நியமித்திருந்தீர்கள்.

மூன்று மாதம் பணம் வந்தது. அப்புறம் நின்றது. பழைய பாக்கியில் ஒரு ரூபாய்கூட வரவில்லை. என் முன்னாள் கணவருடைய தாய்மாமா வீட்டுக்கே வந்து, "பொறு தாயி, தண்ணி லாரியை வித்ததும் மொத்தமா குடுத்திடுவான், கோர்ட்டு கேஸுன்னு மறுபடியும் போகாதே" என்றார். பெரிய மனுஷர் சொல்கிறாரே என்று பொறுத்தேன். லாரி விற்கவில்லை, தம்பி பெயருக்கு மாறியது. 2023 பிப்ரவரியில் திரும்பவும் கோர்ட்டுப் படி ஏறியபோதுதான் அந்தச் சங்கதி தெரிந்தது. பணம் வராவிட்டால் வசூலுக்குத் தனியாக மனு போட வேண்டும். தொகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட்டால்தான் வாரண்ட், அதாவது பணத்தை வசூலிக்கவும் கட்டாதவரை ஜெயிலில் வைக்கவும் கோர்ட்டு போடும் ஆணை, கிடைக்கும். எனக்குக் கடைசிப் பன்னிரண்டு மாதத்துக்கு மட்டும்தான் மனுவை ஏற்றுக்கொண்டார்கள். "அந்த ரெண்டே முக்கால் லட்சம் போனது போனதுதான்" என்றார் ஒரு குமாஸ்தா. நானும் அழுதுவிட்டு விட்டுவிட்டேன்.

அந்தக் குமாஸ்தா சொன்னதும் முழு உண்மை இல்லை. 2013இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது: ஒரு வருடம் தாண்டினால் வாரண்ட் என்கிற வழிதான் அடைபடும், பாக்கி அழிந்துபோகாது, சிவில் தீர்ப்பை நிறைவேற்றுவது போல வசூலிக்கலாம் என்று. இதை எனக்குச் சொன்னது யார் தெரியுமா? பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்த, அதே மாதிரி வழக்கு நடத்துகிற ஒரு டீச்சர். அவருக்கு அவருடைய வக்கீல் சொன்னாராம், ஃபீஸ் கொடுத்து வைத்த வக்கீல்.

இன்னொன்று. வாரண்ட் என்றதும் என் முன்னாள் கணவர், "ஒரு மாசம் உள்ள இருந்துட்டு வந்தா கணக்குத் தீர்ந்தது" என்று டீக்கடையில் சொல்லியிருக்கிறார். தீராது. ஜெயில் என்பது பணத்தைக் கட்ட வைக்கிற வழி, பணத்துக்கு ஈடு கிடையாது. இதையும் உச்ச நீதிமன்றம் 1988இலேயே சொல்லிவிட்டது. ஆனால் எங்கள் தெருவில் பாதிப் பேர் அவர் சொன்னதைத்தான் நம்புகிறார்கள். நானும் ஒரு வருடம் நம்பினேன்.

ஜீவனாம்சம் கேட்க வழி செய்கிற, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவு, 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் 144 ஆகிவிட்டது. எண்தான் மாறியது, ஒரு வருடக் கெடு அப்படியே இருக்கிறது. அதனால் இனிமேல் உத்தரவு வாங்கப்போகிற பெண்களுக்கும் இதே பள்ளம் காத்திருக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஜீவனாம்ச வழக்குக்கு வக்கீல் நியமிக்கும்போதே, வசூல் மனுவுக்கும் அவர்தான் என்று சேர்த்து நியமியுங்கள். இப்போது ஒவ்வொரு முறையும் புதிதாக விண்ணப்பம், புது வக்கீல், முதலிலிருந்து கதை. ஒரு நாள் போனால் எனக்கு 450 ரூபாய் கூலி போச்சு. பேனல் வக்கீலுக்கு நீங்கள் கொடுக்கிற தொகை சின்னது என்று தெரியும். வசூல் மனுவுக்குத் தனியாகக் கொடுங்கள், அதைக் கேட்கவும் நாங்கள் தயார்.

அப்புறம் அந்தச் சொத்து விவரப் பிரமாணப் பத்திரம். உச்ச நீதிமன்றத்தின் 2020 நவம்பர் 4ஆம் தேதித் தீர்ப்புக்குப் பிறகு இரண்டு தரப்பும் வருமானம், வங்கிக் கணக்கு, வண்டி, நகை எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். என் கையில் வந்தது முழுக்க ஆங்கிலத்தில். அவர் 'தினக்கூலி' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். லாரி அப்போது அவர் பெயரில் இருந்தது, ஆர்.டி.ஓ. ஆவணத்தை நாங்கள் கேட்டு வாங்கியிருக்கலாம். கேட்கலாம் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. உங்கள் தன்னார்வலர்கள் ஒரு மணி நேரம் எங்களோடு உட்கார்ந்தால் போதும்.

கடைசியாக ஒரு துண்டுச் சீட்டு. உத்தரவு நகலோடு தமிழில் கொடுக்க வேண்டும். பதினொன்றாவது படிக்கிற என் மகள் ஒரு மாதிரிச் சீட்டு எழுதித் தந்தாள். அப்படியே கீழே தருகிறேன், திருத்திக்கொள்ளுங்கள்:

"உங்களுக்கு மாதம் ரூ. ______ உத்தரவாகியுள்ளது. பணம் வராவிட்டால் காத்திருக்க வேண்டாம். ______ தேதிக்குள் வசூல் மனு போடவும். தேதி தாண்டிவிட்டாலும் வரவும், வேறு வழி உண்டு. உங்கள் வக்கீல்: ______. அவர் கிடைக்காவிட்டால் இலவசச் சட்ட உதவி எண் 15100க்கு போன் செய்யவும். யார் சமாதானம் பேசினாலும் எழுத்தில் வாங்கவும்."

கடைசி வரி நான் சேர்த்தது.

இப்படிக்கு,
அடுத்த வாய்தாவுக்குக் காத்திருக்கும் ஒரு மனுதாரர்