சர்வே ஃபார்ம் வச்சு படிப்பை அளக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

எந்த டிகிரி படிச்சாலும் சமூக அறிவியல்ல ஒரு பேப்பர், டைவர்சிட்டில, அதாவது பல இனம், பண்பாட்டு மக்களைப் பத்தி, ஒரு பேப்பர் கண்டிப்பா எடுக்கணும்னு அமெரிக்காவுல பல யூனிவர்சிட்டில ரூல் இருக்கு, பொதுக் கல்வின்னு சொல்றாங்க, நல்ல ஏற்பாடு, அதுல மறுபேச்சே இல்ல. ஆனா படிச்சு முடிச்சவங்க என்ன கத்துக்கிட்டாங்கன்னு பாக்குற விதம்தான் மனசுக்கு ஒப்பல. கடைசி வகுப்புல ஒரு ஃபார்மை நீட்டி "மத்த சமூகத்தைப் பத்தின உங்க புரிதல் கூடியிருக்கா"ன்னு கேட்டா இல்லன்னு யாரு டிக் பண்ணுவாங்க?

இதவிட பெரிய சிக்கல், நல்லா கத்துக்கிட்டவங்களே சில சமயம் தனக்குத் தானே மார்க்கை குறைச்சுப் போட்டுக்குவாங்க. ஆரம்பத்துல எனக்கு எல்லாம் தெரியும்னு 5க்கு 4 போட்ட பொண்ணு, இனமும் வருமானமும் எப்படி பின்னிக் கிடக்குன்னு படிச்சப்புறம், தனக்குத் தெரியாதது எவ்வளவுன்னு புரிஞ்சு 3 போடும், ஃபார்மை மட்டும் பாத்தா பாடம் வீணாப் போச்சுன்னுதான் தோணும். சரி கிரேடை பாக்கலாம்னா அதுல அட்டெண்டன்ஸ், லேட்டா குடுத்த அசைன்மெண்ட் எல்லாம் கலந்து கிடக்கு.

எழுத வைங்க. ரெண்டு பிரிவோட வருமானத்தை காட்டுற ஒரு அட்டவணையை குடுத்து ஏன் இந்த வித்தியாசம்னு முதல் வாரம் கேளுங்க, அதே கேள்வியை கடைசி வாரமும் கேளுங்க. முதல்ல "அவங்க உழைக்கல"ன்னு ஒரே வரில முடிச்சவர், பின்னாடி "இந்தக் கணக்கை யாரு எடுத்தா, வயசையும் படிப்பையும் சேத்துப் பாத்தாங்களா, இதுல விட்டுப்போனவங்க யாரு"ன்னு கேட்டா அதுதான் கத்துக்கிட்டது! அவர் முடிவு டீச்சரோட கருத்துக்கு ஒத்துப்போகுதா இல்லையாங்கறதுக்கு மார்க் போடவே கூடாது, டைவர்சிட்டி பாடத்துல இது ரொம்ப முக்கியம், இல்லன்னா பசங்க நமக்குப் பிடிச்சதை எழுதிக் குடுத்துட்டுப் போயிருவாங்க.

பேரை மறைச்சுட்டு, அந்தப் பாடம் நடத்தாத ரெண்டு டீச்சர் திருத்தட்டும். அமெரிக்க கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள் சங்கம் 2009ல வெளியிட்ட வேல்யூ ரூப்ரிக்ல (எந்த அளவு திறமைக்கு எந்தப் படின்னு சொல்ற மதிப்பீட்டு அட்டவணைகள்) பிற பண்பாட்டைப் புரிஞ்சுக்கறதுக்குன்னே ஒண்ணு இருக்கு, ஆர்வம், திறந்த மனசு இதுக்கெல்லாம் தனித்தனியா 1லேர்ந்து 4 வரைக்கும் படி வச்சிருக்காங்க. ரெண்டு பேர் மார்க்கும் ரொம்ப விலகினா உக்காந்து பேசுங்க, அந்தப் பேச்சுலதான் பாடத்துல எங்க ஓட்டைன்னு தெரியும். இதை வச்சு டீச்சரோட ப்ரொமோஷன்ல மட்டும் கை வைக்காதீங்க, வச்சா அடுத்த தடவை நல்ல விடைத்தாளா பொறுக்கித்தான் குடுப்பாங்க.

காலேஜ் தரத்தை சோதிச்சு அங்கீகாரம் குடுக்கிற அக்ரெடிட்டேஷன் டீம் வந்துட்டுப் போனதும் எல்லாத்தையும் பீரோல வச்சுப் பூட்டாம, அடுத்த செமஸ்டர் தொடங்குறதுக்கு முன்னாடி பத்து பதினஞ்சு விடைத்தாளையாவது பாடம் நடத்துற டீச்சருங்க கைல குடுங்க.

இப்படிக்கு,
ஒரு சமூகவியல் ஆசிரியை