பம்பரத்துக்கு வீடு கிடைத்துவிட்டது

எல்லோருக்கும் வணக்கம்.

இந்த மடலைப் பங்குனியிலேயே எழுதியிருக்க வேண்டும். எங்கள் காப்பகத்து நாய் பம்பரம் வெலிமடைக்குப் போன அன்று இரவே "எப்படி இருக்கிறான் டீச்சர், படம் அனுப்புங்க" என்று எத்தனையோ பேர் போன் எடுத்தீர்கள். நான்தான் மழுப்பினேன். காப்பகத்திலிருந்து போகும் நாய் புது வீட்டில் மூன்று நாள் மிரண்டு கிடக்கும், மூன்று வாரத்தில் வீட்டுப் பழக்கம் பிடிபடும், மூன்று மாதம் போனால்தான் சுயரூபம் தெரியும் என்று நாயோடு பழகியவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே இரண்டு முறை "வீடு கிடைத்தாச்சு" என்று ஊரெல்லாம் சொல்லி, இரண்டு முறையும் மூக்குடைபட்டவள் நான். மூன்று மாதமும் கழியட்டும் என்று இந்த முறை வாயைத் திறக்கவில்லை. போன ஞாயிறோடு கழிந்தது. அவன் அங்கேயேதான் இருக்கிறான்.

முதல் நன்றி மஸ்கெலியாப் பக்கம் தேயிலைக் கொழுந்து எடுக்கும் ஓர் அக்காவுக்கு. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். போன வருடம் வைகாசியில், மழை பிடித்த முதல் வாரம், காட்டோரத்துத் தேயிலை நிரையில் முனகல் கேட்டு எட்டிப் பார்த்தவர் அவர்தான். காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் ஒரு நாயின் முன்னங்கால் மாட்டியிருந்தது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கருஞ்சிறுத்தை ஒன்று மாட்டி, சில நாளில் செத்துப்போனதே, அதே மாதிரிக் கம்பிதான். இழுக்க இழுக்க இறுகும். வலியில் நாய் யாரையும் கடிக்கும் என்று தெரிந்தும், இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்து அதன் தலைமேல் போட்டு அமுக்கிப் பிடித்துக்கொண்டு, குறட்டோடு வரும்படி வீட்டுக்காரருக்குச் சத்தம் கொடுத்திருக்கிறார். அன்றைக்கு அவருக்கு அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம்தான் விழுந்தது. நாங்கள் நீட்டிய காசை வாங்கவில்லை. "படங்கு கிழிஞ்சிபோச்சு, அதை மட்டும் வாங்கித் தாங்க" என்றார். வாங்கிக் கொடுத்தோம்.

அங்கிருந்து எங்கள் இடம் வரைக்கும் பெற்றோல் காசு மட்டும் வாங்கிக்கொண்டு வந்த ஆட்டோத் தம்பிக்கும், மறுநாள் விடியுமுன் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து வளைந்து பேராதனை மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலைக்கு வேன் ஓட்டிய அண்ணனுக்கும் நன்றி. அங்கே காலைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஒரு விரல் போனது, கால் நின்றது. பிறகு கருத்தடையும் ஆயிற்று, விசர்நாய்த் தடுப்பூசியும் ஆயிற்று. எங்கள் லயத்துப் பெரியவர் ஒருவர் கட்டுப் போட்ட காலைப் பார்த்துவிட்டு, "அந்தக் காலமா இருந்தா நாய் புடிக்கிற லொறியில ஏத்தியிருப்பானுக" என்றார். இலங்கையில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்வது 2006இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முந்திய கதைகளை அவர் சொல்லச் சொல்ல, நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

கால் ஆறியது. அதற்குப் பிறகுதான் தொல்லையே ஆரம்பம்.

அல்சேஷன் பாதி, தோட்டத்து நாய் பாதி. வயது இரண்டு இருக்கும், எடை 27 கிலோ. அடைத்து வைத்தால் கூட்டுக்குள்ளேயே ஒரே பக்கமாகச் சுற்றுவான், தலை கிறுகிறுக்கும் வரை. பம்பரம் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள், ஆரம்பத்தில் நானும் சிரித்தேன். அது விளையாட்டு அல்ல, வேலையில்லாத மூளை தன்னைத்தானே தின்கிற அறிகுறி என்று பேராதனையில் படிக்கிற மாணவி ஒருத்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்குத் தனியாக ஒரு கும்பிடு.

முதலில் எடுத்துப் போன குடும்பத்துக்கும் நன்றி சொல்லவே இதை எழுத உட்கார்ந்தேன். ஐந்து வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்து விட்டவர்களுக்கு என்ன நன்றி என்று கேட்பீர்கள். டவுன் வீடு, இரண்டு சின்னப் பிள்ளைகள், ஒரு பாட்டி. அவர்கள் கேட்டபோது "நல்ல பாசமான நாய், கொஞ்சம் துருதுரு" என்று சொல்லி அனுப்பினவள் நான். அந்தக் 'கொஞ்சம்' பொய். வேண்டுமென்று புளுகவில்லை, ஆனால் எப்படியாவது ஒரு வீடு அமைந்தால் போதும் என்ற அவசரத்தில் நாக்கு அப்படிப் புரண்டுவிட்டது. அவன் ஐந்தடி மதிலைத் தாண்டினான், பக்கத்து வீட்டுக் கோழி இரண்டை முடித்தான், வாசலில் வரவேற்கப் பாய்ந்து பாட்டியைத் தள்ளிவிட்டான். நல்லவேளை, எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த வீட்டம்மா அவனைத் திருப்பிக் கொண்டுவந்தபோது கையில் ஒரு கொப்பியும் கொண்டுவந்தார். ஐந்து வாரமும் நாள்வாரியாக எழுதியிருந்தார். எத்தனை மணிக்குக் குரைத்தான், அதற்கு முன் என்ன நடந்தது, எதைக் கண்டு பயந்தான், எப்போது தூங்கினான் எல்லாம் இருந்தது. "மழை பெய்து வெளியே போகாத நாளில் செருப்பு போகும்." "பிள்ளைகள் ஓடினால் துரத்துகிறான், நடந்தால் பேசாமல் இருக்கிறான்." அழுதுகொண்டே கொடுத்தார். அவரைப் பற்றிச் சிலர் கண்டபடி பேசினீர்கள். தயவுசெய்து அதை நிறுத்துங்கள். அந்தக் கொப்பி இல்லாவிட்டால் இன்றைக்கு இந்த மடல் இல்லை.

இரண்டாவதாக எடுத்துப் போனவர் கடை வாசலில் நாற்பது நாள் சங்கிலியில் கட்டி வைத்திருந்தார். அவருக்கு நன்றி கிடையாது.

திரும்பி வந்தவனை மீட்டெடுத்தது இரண்டு தம்பிமார். இருவரும் என்னிடம் படித்தவர்கள், சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேற்றுக்குக் காத்திருந்தார்கள். முதலில் நாங்கள் எல்லோரும் செய்த முட்டாள்தனம், ஓடவிட்டால் களைத்துவிடுவான் என்று மலையில் ஏற்றி இறக்கி ஓடவிட்டது. இரண்டு வாரத்தில் நாங்கள் களைத்தோம், அவன் நல்ல ஓட்டக்காரன் ஆனான். பிறகுதான் அந்த மாணவி போனில் வழி சொன்னாள்: காலுக்கு அல்ல, மூக்குக்கு வேலை கொடுங்கள். மனித மூக்கில் மணத்தை உணரும் கலங்கள் ஏதோ அரைக் கோடி என்றால், நாய்க்கு இருபது கோடிக்கு மேல் உண்டாம். தம்பிமார் நெத்தலிக் கருவாட்டைச் சாக்கு மடிப்பிலும், பழைய பிஸ்கட் டின்னிலும், விறகுக்கட்டு இடுக்கிலும் ஒளித்து வைத்துத் தேடச் சொன்னார்கள். இருபது நிமிடம் தேடினான் என்றால் இரண்டு மணிநேரம் தூங்கினான். நம்பவே முடியவில்லை. ஓடி ஓடிச் செத்த எங்கள் முழங்கால்களுக்கு யார் பதில் சொல்வது?

"வா", "இரு", "உக்காரு", "விடு", "போதும்" எல்லாம் சொல்லிக் கொடுத்ததும் அவர்கள்தான். தம்பிமாரே, வீட்டில் நெத்தலி காணாமல் போனதற்கு உங்கள் அம்மாமாரிடம் என் மன்னிப்பையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

அதற்குப் பிறகு அறிவித்தலை மாற்றி எழுதினேன். பழைய அறிவித்தலில் இருந்த 'பாசமான', 'அழகான' எல்லாவற்றையும் வெட்டினேன். "இந்த நாய் எல்லோருக்கும் சரிவராது. ஐந்தடி மதில் தாண்டும். கோழி வளர்ப்பவர்கள், ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை உள்ளவர்கள் தயவுசெய்து கேட்க வேண்டாம். கட்டி வைக்கக் கொடுக்க மாட்டோம். இரவில் வீட்டுக்குள் படுக்க இடம் வேண்டும், காட்டோரத்தில் கட்டிய நாயைச் சிறுத்தை தூக்கும். பெரிய நாய் வளர்த்துப் பழகிய கை வேண்டும்." இப்படிப் போட்டால் நாய்கூட நம்மை ஏறெடுத்துப் பார்க்காது என்று காப்பகத்தில் ஒரு சண்டையே நடந்தது. இதைச் சிங்களத்தில் எழுதிக் கொடுத்த எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியைக்கு நன்றி. ஒரு வரியையும் மென்மையாக்காமல் எழுதினார். அதைப் பகிர்ந்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. பதினொரு பேர் போன் எடுத்தார்கள். பேசி முடிக்கும்போது ஒன்பது பேர், "எங்களால் முடியாது டீச்சர்" என்றார்கள். உண்மையைச் சொன்ன அந்த ஒன்பது பேருக்கும் நன்றி. சரி சரி என்று தலையாட்டி எடுத்துப் போயிருந்தால் அவன் மூன்றாவது தடவையும் திரும்பி வந்திருப்பான்.

பத்தாவது ஆள்தான் வெலிமடை ஐயா. கண்டி அஸ்கிரியவில் பொலிஸ் நாய்கள் பிரிவில் வருடக்கணக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது போஞ்சியும் உருளைக்கிழங்கும் போடுகிறார். அழகா, என்ன சாதி, காவலுக்கு நல்லதா என்று அவர் கேட்கவில்லை. ஆத்திரம் வந்தால் எவ்வளவு நேரத்தில் அடங்குகிறான், ஆள் பக்கத்தில் நின்றால் சாப்பிடுகிறானா, தோற்றுப்போனால் என்ன செய்கிறான் என்று கேட்டார். பாதிக்கு எனக்கு விடை தெரியவில்லை. கொப்பியைப் புரட்டித்தான் சொன்னேன். கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு, "அதை எழுதின நோனாவைப் பார்க்க முடியுமா?" என்றார். பார்த்தார். இருவரும் ஒரு மணிநேரம் பேசினார்கள்.

அவர் இரண்டு தடவை பஸ் ஏறி வந்தார். முதல் தடவை நாயைத் தொடவே இல்லை. கூட்டுக்குப் பக்கத்தில் சாக்கைப் போட்டு, நாய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அரை மணிநேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பம்பரம் சுற்றினான், குரைத்தான், சுற்றினான். கடைசியில் கம்பியோரம் வந்து அவர் முதுகோடு ஒட்டிப் படுத்துக்கொண்டான். ஐயா திரும்பிக்கூடப் பார்க்காமல், "இவனுக்கு ஒரு குறையும் இல்லை, வேலைதான் இல்லை" என்றார். மாதக்கணக்காக நான் ஆளாளுக்குச் சொல்ல முயன்றதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

அவனைக் கொண்டுபோய் விட்டது ஒரு மரக்கறி லொறி. ஹட்டனில் கோவா (முட்டைக்கோஸ்) இறக்கிவிட்டு வெறுமையாகக் கெப்பெட்டிப்பொலவுக்குத் திரும்பும் லொறி அது. தலவாக்கலை, நுவரெலியா, ஹக்கலை என்று முழுப் பாதையிலும் பின்னால் கூட்டோடு கூடாக ஒரு தம்பி உட்கார்ந்து வந்தான். லீக்ஸ் வாசத்தில் பம்பரத்துக்குப் பாதை முழுக்க வேலை. சாரதி அண்ணன் கெப்பெட்டிப்பொலவோடு நிற்க வேண்டியவர், வீட்டு வாசல் வரைக்கும் வந்தார். வாடகை கேட்கவில்லை. இன்னும் எத்தனை நாய் இருக்கிறது என்று மட்டும் கேட்டார்.

ஒரு சிக்கலை யாரும் யோசிக்கவில்லை. அவனுக்குத் தமிழ்தான் தெரியும். ஐயாவுக்குத் தமிழ் அவ்வளவு வராது. அன்று மாலை அவர் மேசையில் உட்கார்ந்து, தம்பி சொல்லச் சொல்ல, "வா", "விடு", "போதும்" எல்லாவற்றையும் சிங்கள எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டினார். நாய் புதுப் பாஷை படிப்பதைவிடத் தான் படிப்பது இலேசு என்றாராம். பெயர்தான் மாறிவிட்டது. அவர் வாயில் பம்பரம் 'பம்பரா' ஆகிவிட்டான். சிங்களத்தில் அது மலைத்தேனீ. கொழுந்து எடுக்கும் பெண்களை நிரை நிரையாய் விரட்டுகிறதே, அதுதான். பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இப்போது காலையில் போஞ்சிப் பாத்திக்குள் ஒரு பழைய கையுறையை ஐயா ஒளித்து வைக்கிறார், இவன் தேடி எடுக்கிறான். நீளக் கயிற்றில்தான் வெளியே போகிறான், சங்கிலி இல்லை. இரவில் குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில் படுக்கை. முதல் மாதம் இரண்டு தடவை சுற்றினான், அதற்குப் பிறகு சுற்றவில்லை என்று போன கிழமை சொன்னார்.

வைத்தியச் செலவுக்கு நீங்கள் அனுப்பியதில் மிஞ்சிய காசு அடுத்த நாய்க்கு. கணக்குக் கொப்பி காப்பகத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

கூடு இரவல் தந்த கொட்டகலை அண்ணனுக்கு: கழுவிக் காயவைத்திருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள். கதவுக் கொக்கி வளைந்திருக்கிறது. யார் வேலை என்று உங்களுக்கே தெரியும்.