பேய் வேஷத்துக்கு வெள்ளைப் புடவை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வருடம் அக்டோபர் 31, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டில், பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வருகிற ஹாலோவீன் பண்டிகை வைத்தோம். என் தங்கை ஓசூரில் குடியிருக்கிற அடுக்குமாடியில் வருடா வருடம் நடக்கும், அங்கே போய்விட்டு வந்ததிலிருந்து நம் வீட்டிலும் வேண்டும் என்று மகள் ஒரே பிடிவாதம். வெள்ளைக்காரன் பண்டிகை நமக்கு எதற்கு என்று சொந்தக்காரர்கள் சிலர் கேட்டார்கள். அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. மாசி அமாவாசைக்குக் காவேரிப்பட்டணத்தில் மயானக் கொள்ளை பார்த்து வளர்ந்தவள் நான், முகமெல்லாம் சாயம் பூசிக் காளி வேஷத்தில் சுடுகாட்டுக்கு ஆடிக்கொண்டு போகிறவர்களை அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்து, பயத்தில் அவர் தலைமுடியைப் பிடித்து இழுத்திருக்கிறேன். அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கம் குளிர்காலம் தொடங்குகிற இரவில் ஆவிகள் உலவும் என்று நம்பி அவர்கள் வேஷம் போட்டார்கள், அதிலிருந்து வந்ததுதான் இதுவும். எனக்கு அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை.

உள்ளே விளக்கு வைக்கப் பூசணிக்காய் குடைந்தது என் மாமியார்தான். அங்கே முதலில் டர்னிப் கிழங்கைத்தான் குடைந்தார்களாம், அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பிறகு பூசணிக்கு மாறினார்கள். சந்தையில் வாங்கிய சர்க்கரைப் பூசணி தோல் கல் மாதிரி இருந்தது, என் கத்தி வழுக்கிக்கொண்டே போனது. அத்தை அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்து மேல்மூடியை வட்டமாக எடுத்தார், கரண்டியால் சுரண்டிய சதையைக் கூட்டுக்கு எடுத்து வைத்து, விதையை முறத்தில் காயப் போட்டார். உள்ளே அகல் விளக்கு ஏற்றியதும் மூடியின் அடிப்பக்கம் கருகி, வீடு முழுக்க வெந்த பூசணி வாசனை. பிள்ளைகளுக்குக் கொடுக்க முறுக்குத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்துவிட்டார்.

ஆறரைக்கெல்லாம் தெருப் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். எலும்புக்கூடு ஒன்று, கோட்டான் ஒன்று. அப்புறம் மூன்று பெண் பிள்ளைகள் ஒன்றாக வந்தார்கள், மூன்று பேருக்கும் வெள்ளைப் புடவை, விரித்த தலை, முகத்தில் பவுடர். நெற்றியில் பொட்டில்லை, கையில் வளையல் இல்லை, தலையில் பூ இல்லை. "பேய், பேய்" என்று எல்லோரும் கத்தினார்கள், நானும் சிரித்தேன். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு நாலு வயது இருக்கும், மூன்று பேரையும் பார்த்தது, திரும்பி அத்தையைப் பார்த்தது, "அங்க இன்னொரு பேய்" என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதது.

மாமனார் இறந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அன்றிலிருந்து அத்தை கட்டுவது வெள்ளைப் புடவைதான், கலர் கட்டுங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லியும் "பழகிப்போச்சு, விடும்மா" என்று விட்டுவிடுவார். அன்றைக்கும் சிரிக்கத்தான் பார்த்தார். முறுக்குத் தட்டை என்னிடம் கொடுத்து, தூக்கம் வருகிறது என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மணி ஏழுகூட ஆகவில்லை. மறுநாள் காலையில் காபி கொடுக்கும்போது கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்தக் குழந்தை ராத்திரி தூங்குச்சா?"

அந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். கறுப்பு வெள்ளைப் படக் காலத்திலிருந்து நாம் காட்டிக்கொடுத்த பேய் அது. புருஷன் செத்ததும் ஒருத்தியிடமிருந்து பொட்டையும் பூவையும் வளையலையும் பிடுங்கி, வெள்ளையைக் கட்டச் சொன்னோம், பிறகு அதே கோலத்தைப் பேய் என்று சொல்லிக் குழந்தைகளைப் பயமுறுத்தினோம். தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் இப்படி வெள்ளைப் புடவையில் எத்தனை ஆயாக்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அவர்கள் வீட்டுப் பெட்டியிலிருந்தே புடவையை எடுத்து வேஷம் கட்டுகிறோம், அன்று வந்த மூன்றில் ஒன்று அப்படி எடுத்ததுதான்.

இந்த வருடம் 31ஆம் தேதி சனிக்கிழமை வருகிறது, கண்டிப்பாக வைக்கப் போகிறோம். பிள்ளைகளின் அம்மாக்களிடம் இப்போதே சொல்லிவிட்டேன்: கொள்ளிவாய்ப் பிசாசு வரட்டும், வயலில் நிற்கிற சோளக்கொல்லைப் பொம்மை வரட்டும், தெருக்கூத்து அரக்கன் வரட்டும், கரியால் மீசை வரைய அத்தை இருக்கிறார், வெள்ளைப் புடவை மட்டும் வேண்டாம். ஓசூரில் பெரிய அளவில் நடத்துகிற குடியிருப்புக்காரர்களும், பள்ளிகளில் மாறுவேடப் போட்டி வைக்கிற ஆசிரியர்களும் இதை ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் சிறுவர் பக்கத்தில் பேய்க் கதைக்குப் படம் போடும்போது, தயவுசெய்து வெள்ளைப் புடவை கட்டிய பெண்ணை வரையச் சொல்லாதீர்கள். அந்தப் பக்கத்தை என் மகளுக்கு வாசித்துக் காட்டுவது அத்தைதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கிருஷ்ணகிரி.