ஜெயித்த குதிரை சரி, தரை எப்படி இருந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் குதிரைப் பந்தயச் செய்தி வருவதே வருஷத்துக்கு நாலைந்து தடவைதான், அதுவும் வசந்த காலத்துப் பெரிய ரேஸ்கள் நடக்கும்போது மட்டும், ஒரு மூலையில் சின்னக் கட்டமாக. அதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பல வருஷமாகப் பார்க்கிறேன், அந்தக் கட்டத்தில் குதிரையின் பெயர் இருக்கும், ஜாக்கியின் பெயர் இருக்கும், பரிசுத்தொகை கட்டாயம் இருக்கும், எத்தனை நிமிடம் எத்தனை விநாடி என்று நேரமும் இருக்கும். தரை எப்படி இருந்தது, மழை பெய்ததா, காய்ந்து கிடந்ததா என்று மட்டும் ஒரு வார்த்தை இருக்காது. கிரிக்கெட் என்றால் பந்து திரும்பியதா, பனி இறங்கியதா என்று அரைப் பத்தி எழுதுகிறீர்கள், இதில் மட்டும் ஏன் விட்டுவிடுகிறீர்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். (நான் பணம் கட்டுகிற ஆள் இல்லை. அலாரம் வைத்து எழுந்து பார்க்கிற ஆள், அவ்வளவுதான்.)

தரையைச் சொல்லாமல் நேரத்தை மட்டும் போடுவதால் என்ன ஆகிறது என்று பாருங்கள். அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி மே மாதத்தின் முதல் சனிக்கிழமை, சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்து மண்தடத்தில், ஒன்றேகால் மைல். 1973-இல் செக்ரட்டேரியட் காய்ந்த வேகமான தடத்தில் 1 நிமிடம் 59.4 விநாடியில் ஓடி முடித்தது, இன்றுவரை அதுதான் சாதனை. 2018-இல் ஜஸ்டிஃபை அதே தூரத்தை ஓட 2 நிமிடம் 4.2 விநாடி எடுத்துக்கொண்டது. கிட்டத்தட்ட ஐந்து விநாடி வித்தியாசம், குதிரை நீளத்தில் சொன்னால் இருபதுக்கும் மேல். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற புது வாசகர் ஜஸ்டிஃபையை ஏதோ சுமாரான குதிரை என்று நினைத்துவிடுவார். அது அந்த வருஷம் டெர்பி, பிரீக்னஸ், பெல்மான்ட் என்ற அமெரிக்காவின் மூன்று பெரிய ரேஸ்களையும் தோற்காமலே வென்ற குதிரை ஐயா! டெர்பி சரித்திரத்திலேயே அதிகமாக மழை கொட்டிய நாள் அது, தடம் முழுக்கத் தண்ணீர் நின்றது. இதைச் சொல்லாவிட்டால் அந்த நேரத்துக்கு அர்த்தமே கிடையாது.

இதைவிடப் பெரிய உதாரணம் இங்கிலாந்தின் ஏன்ட்ரீ மைதானம். ஏப்ரலில் நடக்கிற கிராண்ட் நேஷனல், தடை தாண்டி ஓடுகிற நாலரை மைல் ரேஸாக இருந்த காலம். 1990-இல் தரை இறுகிக் கிடந்தது, மிஸ்டர் ஃபிரிஸ்க் 8 நிமிடம் 47.8 விநாடியில் முடித்து சாதனை படைத்தது. 2001-இல் மழையில் ஊறிச் சகதியான அதே மைதானத்தில் ரெட் மராடர் ஜெயிக்க 11 நிமிடம் ஆனது. புறப்பட்டது 40 குதிரை, முடித்தது நாலே நாலு, அந்த நாலிலும் இரண்டின் ஜாக்கிகள் நடுவில் விழுந்து மறுபடி ஏறி வந்தவர்கள் (இப்போது அப்படி ஏறி ஓட்ட விதி அனுமதிக்காது). எல்லாப் பழியையும் சகதி மேல் போடுவதும் நியாயமில்லை, ஆளில்லாமல் ஓடிய ஒரு குதிரை தடை முன்னால் குறுக்கே வந்து ஒரு கூட்டத்தையே நிறுத்திவிட்டது. ஆனால் தப்பித்த குதிரைகளும் ஒவ்வொன்றாக ஓய்ந்து போனதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காலை ஊன்றி எடுப்பதற்குள் பாதி பலம் போய்விடுகிற தரை அது.

சரி, மழை எந்தப் பருவத்திலும் பெய்யும், வசந்தத்துக்கு மட்டும் என்ன விசேஷம் என்று கேட்கலாம். வானத்தைவிட மண்தான் அதற்குக் காரணம் என்பேன். குளிர்காலம் முழுக்கத் தண்ணீர் குடித்து நிரம்பிய மண், வெயிலுக்கு இன்னும் சூடு ஏறவில்லை, புல் இப்போதுதான் வேர் பிடித்து வளர ஆரம்பிக்கிறது. அந்த நிலையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் போதும், தரை கூழாகிவிடும். அதே 10 மில்லிமீட்டர் ஒரு வாரம் காற்றடித்துக் காய்ந்த பிறகு பெய்தால் மண் உறிஞ்சிக்கொண்டு ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். இந்த இரண்டு நிலையும் ஒரே மாதத்துக்குள், சில சமயம் ஒரே வாரத்துக்குள் வந்து போவதுதான் வசந்தம். திங்கட்கிழமை வந்த வானிலை அறிக்கையை நம்பிக் குதிரையை வண்டியில் ஏற்றிய பயிற்சியாளர், சனிக்கிழமை காலையில் ஷூ குதிகாலால் புல்லைக் குத்திப் பார்த்துவிட்டு வாபஸ் வாங்கிவிடுவார். காலையில் பதினாறு குதிரை இருந்த ரேஸ் மதியம் ஒன்பதாக இளைத்துப் போவது இப்படித்தான். காற்றும் சும்மா இருக்காது. 2008 மார்ச்சில் இங்கிலாந்தின் செல்டனம் பந்தயத் திருவிழாவின் இரண்டாம் நாள் முழுவதையும் புயல்காற்று ரத்து செய்ய வைத்தது, அந்த நாளின் ரேஸ்களை மீதி இரண்டு நாளில் திணித்து ஓட்டினார்கள்.

மண்தடமும் புல்தரையும் மழைக்கு ஒரே மாதிரி பதில் சொல்வதில்லை என்பதும் இங்கே பலருக்குத் தெரியாது. அமெரிக்க மண்தடத்தில் கெட்டியான அடித்தளம், அதன் மேல் சில அங்குலத்துக்கு மணலும் வண்டலும் களிமண்ணும் கலந்த மெத்தை. மழை வருகிறது என்று தெரிந்தால் வண்டிகளை ஓட்டி அந்த மெத்தையை அழுத்திச் சமனாக்கிவிடுவார்கள், தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலோடு வழிந்து போகட்டும் என்று. அதனால் ரேஸுக்கு அரைமணி முன்னால் கொட்டிய மழையில் தடம் குளம் மாதிரி பளபளக்கும், பார்க்க பயமாக இருக்கும், ஆனால் அடியில் கெட்டியாக இருப்பதால் குதிரைகள் நன்றாகவே பறக்கும். நிஜமான கஷ்டம் அதற்கப்புறம்தான். தண்ணீர் ஊறி, பாதி காய்ந்து, களி மாதிரி குளம்பைப் பிடித்து இழுக்கிற தடத்தில் நேரம் தாறுமாறாக ஏறும்.

ஈரமான மண்தடத்தில் பின்னால் ஓடுகிற குதிரை படுகிற பாடு தனி. முன்னால் போகிற குதிரைகளின் குளம்பு வாரி இறைக்கிற சேறு நேராக முகத்தில் வந்து அடிக்கும், குதிரைக்கும் ஜாக்கிக்கும். ஜாக்கிகள் கண்ணாடிகளை மூன்று நான்கு என்று ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு போவார்கள், மேலே இருப்பது சேறாகிக் கண் மறைத்ததும் அதைக் கழுத்துக்கு இழுத்துவிட்டால் அடுத்தது சுத்தமாக இருக்கும். அடுத்த தடவை மழை ரேஸ் பார்த்தால் கவனியுங்கள், வளைவில் ஒரு கை சட்டென்று முகத்துக்குப் போய்வரும். ரேஸ் முடிந்து திரும்பும்போது ஜெயித்தவர் சட்டை மட்டும் நிறம் தெரியும், மற்றவர்கள் எல்லாரும் ஒரே நிறம். அதனால்தான் சேற்றில் முன்னால் ஓடுகிற குதிரைக்கு லாபம் என்று சொல்வார்கள்.

அப்படிச் சொல்லி முடிப்பதற்குள் 2009 வந்து மூக்கை உடைத்தது. மழையில் ஊறிய டெர்பி தடம், மைன் தட் பேர்ட் என்று ஒரு குதிரை, ஒன்றுக்கு ஐம்பது தருகிறோம் என்று சொல்லியும் யாரும் சீண்டாதது. கூட்டத்துக்கு ரொம்பப் பின்னால் கடைசியாக வந்துகொண்டிருந்தது. ஜாக்கி கால்வின் பொரெல் அதை உள்வேலியோடு ஒட்டியே கொண்டுவந்தார், மற்றவர்கள் அகலமாகச் சுற்றி வர, இவர் வேலியை உரசுகிற மாதிரி புகுந்து ஆறே முக்கால் குதிரை நீளத்தில் ஜெயித்தார். வர்ணனையாளரே அந்தக் குதிரையை வெகுநேரம் கவனிக்கவில்லை, அது முன்னால் போன பிறகுதான் பெயரைச் சொன்னார். நான் மறுஒளிபரப்பில் தேடித்தான் கண்டுபிடித்தேன். அன்று எல்லா இடத்திலும் ‘அதிசய வெற்றி’ என்று தலைப்பு. அதிசயம் என்றால் அதிசயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஈரத்தடத்தில் மற்றவர்கள் விட்டுவைத்த பாதையில் ஒருவர் துணிந்து போனார் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் படிப்பவருக்குப் பாதி விஷயமாவது புரிந்திருக்கும்.

புல்தரையில் கதை வேறு. உள்வேலியை ஒட்டி ஓடினால் தூரம் குறைவு என்பதால் எல்லாரும் அங்கேயே ஓடுகிறார்கள், நாலு ரேஸ் முடிவதற்குள் அந்தப் பகுதி உழுத வயல் மாதிரி ஆகிவிடுகிறது. ஈரமான நாளில் மதியத்துக்கு மேல் பார்த்தால் கடைசி நேர்கோட்டில் குதிரைகள் வேலியை விட்டு விலகி மைதானத்தின் நடுவே விசிறி மாதிரி விரிந்து வரும், கூடுதல் தூரம் போனாலும் பரவாயில்லை, மிதிபடாத புல் கிடைத்தால் போதும் என்று. இதற்காகவே வேலியை வாராவாரம் சில மீட்டர் நகர்த்தி வைக்கிறார்கள். மழை இல்லாவிட்டாலும் தலைவலிதான். தரை இறுகினால் குதிரையின் கால் தசைநாண் தாங்காது, அதனால் முந்தின நாளே தண்ணீர் பாய்ச்சுவார்கள், பாய்ச்சி முடித்த ராத்திரியே மழையும் பெய்துவிட்டால் மைதானப் பொறுப்பாளரை எல்லாரும் சேர்ந்து வறுத்தெடுப்பார்கள். பாவம் அந்த மனுஷன்.

ஆஸ்திரேலியாவையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போன தடவை உங்கள் பத்திரிகையில் மெல்போர்ன் கோப்பையை இலையுதிர் கால ரேஸ் என்று போட்டிருந்தீர்கள். நவம்பர் முதல் செவ்வாய் அங்கே வசந்தம் ஐயா, பூமியின் கீழ்ப்பாதி. அந்த 3,200 மீட்டர் ரேஸை 1976-இல் இடியும் மின்னலுமாகக் கொட்டிய மழையில் ஓட்டினார்கள், ஈரத்தரைக்குப் பேர்போன நியூசிலாந்துக் குதிரை வான் டெர் ஹம் ஜெயித்தது. அந்தக் கோப்பை நடக்கிற ஃபிளெமிங்டன் மைதானம் மரிபிர்னோங் ஆற்றங்கரையில் இருக்கிறது. 2022 அக்டோபரில் கோப்பைக்குச் சில வாரம் முன்பு ஆறு கரைபுரண்டபோது, மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த வெள்ளத் தடுப்புச் சுவர் ஓடுதளத்தைக் காப்பாற்றியது, சுற்றுப்புறத்தில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. சுவரால்தான் வெள்ளம் எங்கள் பக்கம் திரும்பியது என்று ஜனங்கள் கொதித்தார்கள், அதில் நியாயம் எவ்வளவு என்று விசாரணைகள் வரை போனது. புல் நனையாமல் இருந்ததற்குப் பின்னால் இப்படியும் ஒரு கதை இருந்தது, அதுவும் செய்திதானே?

எல்லாமே தரைதான் என்று நான் சொல்லவில்லை. 2015-இல் அமெரிக்கன் ஃபேரோ டெர்பியைக் காய்ந்த தடத்தில் வென்றது, பிரீக்னஸுக்குக் குதிரைகள் கிளம்புகிற நேரத்தில் வானம் பிளந்து கொட்டியதில் தடம் நதியானது, அதிலும் தனியாக ஓடி வென்றது, அப்புறம் பெல்மான்ட்டையும் வென்று, மூன்றையும் ஒரே வருஷத்தில் வெல்லும் குதிரைக்கான 37 வருஷக் காத்திருப்பை முடித்து வைத்தது. அந்த மாதிரி குதிரைக்குக் காய்ந்தாலும் ஒன்று, நனைந்தாலும் ஒன்று. ஆனால் அப்படிப்பட்டது எத்தனை வருஷத்துக்கு ஒன்று வரும்? மற்றவை எல்லாம் ஒன்றுக்கொன்று தலை அளவு, கழுத்து அளவு வித்தியாசத்தில் இருப்பவை, அவற்றுக்குள் யார் முன்னால் என்பதைப் பெரும்பாலும் தரைதான் முடிவு செய்கிறது.

நான் கேட்பது பெரிய கட்டுரை இல்லை. தரையின் நிலையை அங்கங்கே அதிகாரப்பூர்வமாகவே அறிவிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 1 முதல் 10 வரை எண் கொடுக்கிறார்கள், 1, 2 என்றால் இறுகிய தரை, 3, 4 நல்ல தரை, 5 முதல் 7 வரை இளகியது, 8 முதல் 10 வரை சகதி. இங்கிலாந்தில் ஒரு கோலைத் தரையில் குத்திச் சாய்த்துப் பார்த்து, மண் எவ்வளவு எதிர்க்கிறது என்று அளந்துகூடச் சொல்கிறார்கள். அதிலிருந்து ஒரே ஒரு வார்த்தை எடுத்துப் போட்டால் போதும்: ‘தரை: இளகியது.’ அவ்வளவுதான். கட்டத்தில் இடம் இல்லை என்று உதவி ஆசிரியர் சொன்னால் பரிசுத்தொகையை எடுத்துவிடச் சொல்லுங்கள், எப்படியும் அது குதிரைக்குப் போகப்போவதில்லை.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்